பூனாவும் சர்ராவும்: ஒரு கால்நடை நோயின் கதை

பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் தேடி அலைந்த புனே தமிழ்க் குடும்பங்களுக்கு சி.ஓ.இ.பி. என்ற பெயரைத் தெரியாமல் இருக்காது. சிவாஜிநகரில், முளா-முட்டா ஆறுகள் கூடும் சங்கமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய காலேஜ். 1854-ல் ஆரம்பித்து, 1880-ல் 'காலேஜ் ஆஃப் சயின்ஸ்' என்று பெயர் மாறி, 1911-ல் இன்ஜினியரிங் காலேஜ் ஆகி, 2022-ல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. கட்-ஆஃப் எவ்வளவு என்பது எல்லோருக்கும் அத்துப்படி. ஆனால் இந்தியாவின் முதல் கால்நடை நுண்ணுயிர் ஆராய்ச்சிக் கூடம் அந்தக் காலேஜில்தான் பிறந்தது என்று சொன்னால், அங்கே படித்தவர்களே கொஞ்சம் முழிப்பார்கள்.

1889 டிசம்பர் 9-ம் தேதி அங்கே 'இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் லேபரட்டரி' தொடங்கப்பட்டது. அதற்கு முதல் தலைவராக வந்தவர் ஆல்ஃபிரட் லிங்கார்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர். இங்கே அவர் கையில் எடுத்த முதல் பெரிய வேலை, சர்ரா என்ற ஒரு நோய். அந்த நோயின் கதையைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். மாட்டு நோய்தானே, நமக்கென்ன என்று நகர்ந்துவிடாதீர்கள். கதை கடைசியில் மனிதனிடம்தான் வந்து நிற்கிறது, அதுவும் இதே மகாராஷ்டிராவில்.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடலாம்.

சர்ரா என்பது வட இந்திய நாட்டுப்புறச் சொல். அழுகிப்போனது, கெட்டுப்போனது என்று பொருள் சொல்கிறார்கள். குதிரை, ஒட்டகம், கோவேறு கழுதை, எருமை, மாடு, நாய் என்று பல பிராணிகளுக்கு இது வரும். ரத்தத்தில் நீந்தும் ஒரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணிதான் காரணம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்ன விலாங்கு மீன் மாதிரி நெளிந்து நெளிந்து ஓடும். இன்றைக்கு அதன் பெயர் டிரிப்பனோசோமா எவான்சி. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு.

இதைப் பரப்புவது பெரிய கடி ஈக்கள். மாட்டு ஈ, குதிரை ஈ என்று ஊரில் சொல்வோமே, கடித்த இடத்தில் ரத்தம் சொட்டுமே, அதுதான். கொசுவுக்குள் மலேரியாக் கிருமி வளர்வது போல இந்த ஈக்குள் எதுவும் வளர்வதில்லை. ஈ ஒரு மாட்டைக் கடித்து ரத்தம் குடிக்கும்போது மாடு வாலை வீசும். பாதிக் குடியில் எழுந்த ஈ பக்கத்து மாட்டின் மேல் போய் உட்காரும். வாயில் ஒட்டியிருக்கும் ஈர ரத்தத்தோடு கிருமியும் போய்விடும். அவ்வளவுதான். அதனால்தான் மழைக்காலத்திலும் அது முடிந்த கையோடும், ஈ பெருகும் சமயத்தில், நோயும் பெருகுகிறது.

உள்ளே போன கிருமி ரத்தத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். கிருமி தன் மேல்சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு ஒவ்வொரு முறையும் அது புது ஆளாகத் தெரியும். பிராணி இளைக்கும், ரத்தம் சுண்டும், கால் வீங்கும். சில சமயம் கிருமி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்விடும். அப்போதுதான் பார்க்கவே பயமாக இருக்கும். குதிரைக்குப் பின்னங்கால் தள்ளாடும், பிறகு படுத்துவிடும். மாடு வெறித்துப் பார்க்கும், வட்டம் வட்டமாகச் சுற்றும், சுவரில் தலையை வைத்து முட்டிக்கொண்டே நிற்கும், வலிப்பு வரும். தீவிரமான கேஸில் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பார்ப்பவர்கள் வெறிநாய் கடித்திருக்கும் என்பார்கள், பாம்பு என்பார்கள், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்பார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியைத் தேடுவதும் உண்டு. ஆனால் எருமை போன்ற சில பிராணிகளிடம் இதே கிருமி வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் குடியிருக்கும். பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரைக்கு அங்கிருந்துதான் வருகிறது என்று யாருக்கும் தோன்றாது.

இப்போது 1880-க்குப் போவோம்.

பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கான் என்ற ஊர். எல்லைப்புறப் பட்டாளத்தின் குதிரைகளும் ஒட்டகங்களும் அங்கே கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. என்னவென்று பார்க்க அனுப்பப்பட்டவர் கிரிஃபித் எவான்ஸ். 1835-ல் வேல்ஸில் பிறந்தவர். ராணுவக் கால்நடை மருத்துவர். கனடாவில் பணியில் இருந்தபோது மெக்கில் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவமும் படித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில் அங்கே போய் ஆபிரகாம் லிங்கனைச் சந்தித்துவிட்டு வந்த ஆசாமி.

எவான்ஸ் செய்தது ரொம்ப எளிய காரியம். செத்த குதிரையை மட்டும் அறுத்துப் பார்க்காமல், உயிரோடு இருக்கும் நோயாளிக் குதிரையின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நெளியும் கிருமிகள் தெரிந்தன. அந்த ரத்தத்தை எடுத்து நல்ல பிராணிக்கு ஏற்றினார். அதற்கும் நோய் வந்தது, அதன் ரத்தத்திலும் அதே கிருமிகள். ஆக, இதுதான் காரணம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

மேலே இருந்தவர்கள் ஏற்கவில்லை. கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்று பெரிய மருத்துவ விஞ்ஞானி இருந்தார். அவர் இதே ஜாதிக் கிருமியை எலி ரத்தத்தில் 1878-லேயே பார்த்திருந்தார். கிருமி இருந்தும் எலி சௌக்கியமாகத்தான் ஓடியது. அதனால் குதிரையிலும் அது சும்மா கூடவே இருப்பது, நோய்க்குக் காரணமல்ல என்பது பெரியவர்களின் கட்சி. ரத்தத்தில் நீந்தும் ஒட்டுண்ணி நோய் உண்டாக்கும் என்பதே அன்றைக்கு நம்ப முடியாத பேச்சு. மலேரியாக் கிருமியை லாவரான் அல்ஜீரியாவில் பார்த்ததும் அதே 1880-ல்தான், அவரையும் உடனே யாரும் நம்பிவிடவில்லை. பட்டாளத்துக் குதிரை டாக்டர் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஐந்து வருடம் கழித்து, 1885-ல், பர்மாவில் கோவேறு கழுதைகளுக்கு இதே நோய் வந்தபோது ஜான் ஹென்றி ஸ்டீல் என்ற இன்னொரு கால்நடை மருத்துவர் எவான்ஸ் பார்த்ததைத் தானும் பார்த்தார். கிருமியின் ஜாதியைத் தப்பாகச் சொன்னாலும் எவான்ஸ் பெயரையே அதற்கு வைத்தார். இந்த ஸ்டீல்தான் அடுத்த வருடம், 1886-ல், பம்பாய் பரேலில் கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியவர்.

அதற்கு மூன்று வருடத்தில் பூனா வருகிறது.

சர்க்காருக்குக் கால்நடை மேல் திடீர்ப் பாசம் வந்துவிடவில்லை. மாட்டுக் கொள்ளைநோய் ஊர் ஊராகத் துடைத்துப் போட்டதைப் பற்றி விசாரித்த கமிஷன் 1871-லேயே அறிக்கை கொடுத்திருந்தது. கூடம் திறக்கப் பதினெட்டு வருடம் ஆனது. இன்னொரு பக்கம் பட்டாளத்தின் செலவு. குதிரை என்பது அன்றைக்கு டாங்கியும் லாரியும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் விலை கொடுத்து வாங்கி வந்த குதிரை சர்ராவில் போனால் கணக்குப் புத்தகத்தில் சிவப்பு மை. பூனாவோ பெரிய கன்டோன்மென்ட். பக்கத்தில் கிர்க்கியில் (இன்றைய கட்கி) இன்னொன்று. பம்பாய் கவர்னர் மழைக்காலத்தில் வந்து தங்கும் ஊர். கூடத்தின் வேலைப் பட்டியலில் எல்லாக் கால்நடையும் இருந்தாலும், லிங்கார்டின் முதல் பெரிய அறிக்கை 'குதிரை சர்ரா' பற்றித்தான். அது 1893-ல் அச்சாகி வந்தது.

லிங்கார்ட் விடாப்பிடியான மனுஷர். நோயை எந்தெந்தப் பிராணிக்கு ஏற்ற முடியும், எத்தனை நாளில் காய்ச்சல் வரும், ரத்தத்தில் கிருமி எப்போது தெரியும், எப்போது மறையும் என்று சலிக்காமல் பார்த்து எழுதினார். எவான்ஸ் சொன்னது சரி என்பது உறுதியானது. எப்படிப் பரவுகிறது என்பதில் மட்டும் அவர் தடம் மாறினார். எலி ரத்தத்திலும் இதே மாதிரி கிருமி இருப்பதைப் பார்த்து, எலி அசிங்கம் பண்ணிய தீவனம் வழியாகக் குதிரைக்கு வருகிறதோ என்று சந்தேகப்பட்டார். விடை ஈயின் வாயில் இருந்தது. லெனார்டு ரோஜர்ஸ் என்பவர் குதிரை ஈக்களை வைத்தே சோதனை செய்து, 1901-ல் அதை வெளியிட்டார்.

மருந்து விஷயத்தில் லிங்கார்ட் போட்ட பாதை நெடுந்தூரம் போயிருக்கிறது. அவர் சர்ராக் குதிரைகளுக்கு ஆர்செனிக் கொடுத்துப் பார்த்தார். ஆமாம், பாஷாணம்தான். கொஞ்சம் கூடினால் நோய்க்கு முன்னால் மருந்தே கொன்றுவிடும். ஆனால் கிருமி ரத்தத்திலிருந்து மறைந்தது. அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் ஐரோப்பியச் சோதனைச்சாலைகள் ஆர்செனிக் கூட்டுப்பொருள்களை ஒவ்வொன்றாக இதே ஜாதிக் கிருமிகள் மேல் சோதித்தன. அந்த வழியில்தான் பால் எர்லிக் மேகநோய்க்கு சல்வர்சான் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் ஒட்டகச் சர்ராவுக்குக் கொடுக்கும் மெலார்சமைன் ஆர்செனிக் குடும்பத்து மருந்துதான்.

பூனாவில் அந்தக் கூடம் ரொம்ப நாள் இருக்கவில்லை. வெயில் ஒரு காரணம். ஜன நெருக்கமான ஊர் நடுவே தொற்றுக் கிருமிகளை வைத்து விளையாடுவது ஆபத்து என்பது பெரிய காரணம். 1893-ல் இமயமலை அடிவாரத்தைத் தாண்டி, குமாவோன் மலையில் முக்தேஸ்வர் என்ற இடத்துக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். 1897-ல் ராபர்ட் கோக்கே அங்கே வந்து பார்த்தார். அதுதான் வளர்ந்து, பரேலி பக்கம் இசத்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக இன்று நிற்கிறது. பூனாவுக்கு மிஞ்சியது ஒரு தேதிதான்.

சர்ரா அதோடு நிற்கவில்லை. நம் சனம் போன இடத்துக்கெல்லாம் அதுவும் போனது. மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேறினார்கள், அதில் தமிழர்கள் கணிசம். கரும்பு வண்டி இழுக்க மாடுகளும் கப்பலேறின. 1901-ல் அப்படி இந்தியாவிலிருந்து போன மாடுகளோடு சர்ராவும் போய் இறங்கியது. அதுவரை அந்தத் தீவு அறியாத நோய். வண்டி மாடுகளும் கோவேறு கழுதைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெட்டிய கரும்பை ஆலைக்குக் கொண்டுபோக ஆளில்லை, மாடில்லை. தோட்டங்களுக்குள் சின்ன ரயில் பாதைகள் போடும் வேலை வேகம் பிடித்ததற்கு இந்த நோயும் ஒரு காரணம். அங்கே கப்பலிறங்கிய ஒருவரின் கொள்ளுப் பேரனோ பேத்தியோ இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் பாட்டன் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்த ஒரு வருடத்தின் காரணம் இதுவாக இருந்திருக்கலாம்.

இலங்கைக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு பங்கு உண்டு, ஆனால் வேறு நோய். வட இந்தியாவில் 'கும்ரி' என்பார்கள், இடுப்பு விழுந்துபோவது. குதிரை, ஆடு, செம்மறிக்குப் பின்பக்கம் செயலற்றுப் போகும். பார்த்தால் சர்ரா போலத்தான் இருக்கும், ரத்தத்தில் கிருமி இருக்காது. உண்மையில் அது மாட்டின் வயிற்றுக்குள் தொந்தரவில்லாமல் வாழும் ஒரு நூல் புழு. அதன் குஞ்சைக் கொசு எடுத்துப்போய்க் குதிரைக்கோ ஆட்டுக்கோ ஏற்றினால், வழி தெரியாமல் அலைந்து தண்டுவடத்துக்குள் புகுந்து நரம்பைக் கிழித்துவிடும். இலங்கைக் குதிரைகளின் கும்ரியும் இதுதான் என்று இன்னஸ், சி. பி. பிள்ளை என்ற இருவர் 1955-ல் எழுதினார்கள். ஒரு பிராணிக்குச் சாதுவாக இருப்பது இன்னொன்றுக்கு எமனாக இருக்கும். எலியைப் பார்த்துக் குதிரையை எடைபோட்ட கல்கத்தாப் பெரியவர்கள் தவறியதும் இதே இடத்தில்தான்.

மனிதனுக்கு வருவோம். சர்ரா மனிதனுக்கு வராது என்பது நூறு வருடத்துக்கும் மேல் பாடப் புத்தக வாக்கியம். நம் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதை லாவரான் 1902-லேயே கவனித்திருந்தார். அது அப்போல்-1 என்ற புரதம் என்று 2003-ல் தெரிந்தது.

அடுத்த வருடமே அந்த வாக்கியம் உடைந்தது. 2004-ல் மகாராஷ்டிராவின் கிழக்குக் கோடியில், சந்திரபூர் மாவட்டத்தில், ஒரு விவசாயிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு மாதக்கணக்கில் அடித்தது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தபோது உள்ளே நெளிந்தது எவான்ஸின் கிருமி. நாக்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர் பிரசாந்த் ஜோஷியும் சகாக்களும் வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து அதை உறுதி செய்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் வழியாக சுராமின் மருந்து வந்தது. கிருமி மூளைக்குப் போயிருக்கவில்லை என்பது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் சுராமின் மூளைக்குள் சரியாகப் போகாது. அவர் பிழைத்தார். 2005-ல் உலகின் முதல் கேஸாக அது பதிவானது. பெல்ஜியத்தில் அவர் ரத்தத்தைச் சோதித்து, பெற்றோர் இருவர் வழியாகவும் வந்த மரபணுப் பிழையால் அவர் உடம்பில் அப்போல்-1 அறவே இல்லை என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரில் ஆயிரத்து எண்ணூறு பேர் வரை ரத்தம் எடுத்துப் பார்த்தும் வேறு யாரிடமும் கிருமி அகப்படவில்லை.

அப்பாடா, ஒருவருக்கு வந்த விதிவிலக்கு என்று பெருமூச்சு விட முடியவில்லை. 2015-ல் வியட்நாமில் ஒரு பெண்ணுக்கு வந்தது. அவருக்கு அப்போல்-1 சரியாகவே இருந்தது.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் மாட்டுக்கும் வந்தபோது இந்தக் கிருமியை யார் பார்த்தார்கள்? கால்நடை மருத்துவர்கள். கிருமியே காரணம் என்று நிரூபித்தது ஒரு கால்நடை மருத்துவர், துணைக்கு வந்தது இன்னொருவர். எவான்ஸ் நூறு வயது வாழ்ந்து 1935-ல்தான் காலமானார். அதனால் உலகம் தன்னை ஒப்புக்கொண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டார். 1917-ல் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி மேரி கிங்ஸ்லி பதக்கம் கொடுத்தது. அடுத்த வருடம் அவருக்குக் கிடைத்த பதக்கம் யார் பெயரில் தெரியுமா? ஜான் ஹென்றி ஸ்டீல் பெயரில்.

ஆனால் அன்றைக்கு முக்கியமாக இருந்தது பட்டாளக் குதிரை. பட்டாளத்துக்குக் குதிரை வேண்டாத காலம் வந்ததும் சர்ராவும் பெரிய மனிதர்களின் மேஜையிலிருந்து இறங்கிவிட்டது. இன்று இது யாருடைய நோய்? தீபாவளி முடிந்ததும் புனே சுற்று வட்டாரத்தில் பாருங்கள். வறண்ட சதாரா, சாங்லி, அகில்யாநகர் (பழைய அகமத்நகர்) பக்கத்திலிருந்து தன்கர் இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு கொங்கணத்துக்குப் போவார்கள். நம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடப் போவார்களே, அதே வாழ்க்கை. அடுப்பு, சட்டி, கோழி, கைக்குழந்தை எல்லாம் மட்டக்குதிரை முதுகில். அந்தக் குதிரை தள்ளாட ஆரம்பித்தால் வீடே நடுவழியில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவர்களுடைய நஷ்டத்துக்குச் சிவப்பு மையில் எழுதும் கணக்குப் புத்தகம் கிடையாது. 2000 ஜூலையில் ஒரிசாவின் நந்தன்கானன் மிருகக்காட்சிச் சாலையில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் இதே நோயில் செத்தபோது தேசமே பேசியது. இடையன் குதிரை செத்தால் யார் பேசுவது?

இத்தனைக்கும் கண்டுபிடிக்கும் முறை 1880-ல் இருந்ததேதான். காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு மைக்ராஸ்கோப். காய்ச்சல் இருக்கும்போது எடுக்க வேண்டும். நேரத்தில் பார்த்தால் குயினாபைரமின், டிமினசீன் போன்ற ஊசிகள் கேட்கும். மூளைக்குப் போன பிறகு இவை அந்த வேலியைத் தாண்டுவதில்லை. ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது மூளையில் பதுங்கியது திரும்ப வரும். ஆக, வித்தியாசம் சில நாட்கள்தான்.

நம்மில் பலருக்கு ஊரில் அப்பாவோ சித்தப்பாவோ இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிறார். அடுத்த முறை போனில், மாடு சுற்றிச் சுற்றி வருது, சுவத்துல முட்டுது என்று சொன்னால், மந்திரிக்கப் போகுமுன் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடியாகவும் இருக்கலாம் என்பதால் வாய்க்குள் கைவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மாட்டுத் தொழுவத்தில் சாயங்காலம் போடும் வேப்பிலை மூட்டத்தை, பழைய பழக்கம் என்று நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் மாடு இப்படிச் சுற்றுவதற்கு என்ன பெயர் சொல்வார்கள்? கோயம்புத்தூர்ப் பக்கம் ஒன்று, நெல்லைப் பக்கம் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று என்று இருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.